மாட்டுக்குக் கொரோனா ஒட்டுமா? பதிலோடு முடிந்துவிடாத ஒரு கேள்வி

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. மே 10 முதல் தமிழ்நாடு முழுவதும் ஊரடங்கு. கடையைச் சாத்தலாம், பேருந்தை நிறுத்தலாம். ஆனால், கறவை மாட்டுக்கு ஊரடங்கு தெரியாது. விடியற்காலையில் மடி கனத்துவிட்டால் அது கத்தத்தான் செய்யும்.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் ஒன்றிரண்டு மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் வீடுகள் ஏராளம். ஆண்கள் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். மாடு, கன்று, நாலு ஆடு, பத்துக் கோழி எல்லாம் வீட்டுப் பெண்களின் பொறுப்பு. அப்படி ஒரு வீட்டில் பால் கறப்பவருக்கே காய்ச்சல் வந்து, பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் என்ன செய்வது? "தனி அறையில் இருங்க, யாரையும் தொடாதீங்க" என்று சுகாதாரத் துறை சொல்லிவிட்டுப் போகும். யாரையும் என்றால் மனிதர்களை. மாட்டைத் தொடலாமா? நம்மிடமிருந்து அதற்கு ஒட்டிக்கொண்டால்? பாலை சொசைட்டியில் ஊற்றலாமா?

நகரத்தில் இருப்பவருக்கு இது சிரிப்பாகக்கூடத் தோன்றலாம். ஆனால், இது அறிவியல்படி மிகச் சரியான கேள்வி. உலகின் பெரிய ஆய்வகங்கள் அதே காலத்தில் இதே கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருந்தன. இன்று விடை பெரும்பாலும் தெரிந்துவிட்டது. அந்த விடையோடு நாம் நின்றுவிட்டதுதான் பிரச்சினை.

சுருக்கமான பதில் என்ன?

பயப்படத் தேவையில்லை என்பதுதான் சுருக்கமான பதில். கோழி, வாத்துக்கு இந்த வைரஸ் ஒட்டவில்லை. பன்றிக்கு ஏறக்குறைய ஒட்டவே இல்லை. ஆடு, மாட்டுக்கு எப்போதாவது ஒட்டலாம். ஆனால், அவை நோயில் விழுந்ததாகவோ ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் பரப்பியதாகவோ தகவல் இல்லை. பால், முட்டை, சமைத்த இறைச்சி வழியாக மனிதருக்குக் கொரோனா வந்ததற்கும் ஆதாரம் இல்லை.

இந்தப் பதில் வாட்ஸ்அப் ஊகத்தில் வந்ததல்ல. சீனாவின் ஹார்பின் கால்நடை ஆய்வகம் 2020-லேயே பல விலங்குகளின் மூக்கில் வைரஸைச் செலுத்திப் பார்த்தது. பூனைக்கும் கீரி இனத்தைப் போன்ற ஃபெரட்டுக்கும் தொற்று நன்றாகப் பிடித்தது. நாய்க்கு லேசாக. பன்றி, கோழி, வாத்துக்குப் பிடிக்கவில்லை. ஜெர்மனியில் கால்நடை நோய்களுக்கான ஃபிரெட்ரிக் லோஃப்ளர் நிறுவனம் ஆறு மாடுகளுக்கு வைரஸைச் செலுத்தியது. இரண்டில் மட்டும் வைரஸ் சிறிதளவு பெருகியது, பிறகு தானாகவே போய்விட்டது. அதே கொட்டகையில் கூடவே கட்டியிருந்த மற்ற மாடுகளுக்குப் பரவவில்லை.

ஏன் மனிதருக்கு வந்தது மாட்டுக்கு வரவில்லை?

வைரஸ் ஒரு உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமென்றால் அதற்கு ஒரு கதவு வேண்டும். கொரோனா வைரஸுக்கு அந்தக் கதவு, உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ‘ஏசிஇ-2’ என்ற புரதம். வைரஸின் மேலே முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்தான் சாவி. மனிதரின் பூட்டுக்கு அந்தச் சாவி கச்சிதமாகப் பொருந்துகிறது. கோழியின் பூட்டு வேறு மாதிரி. சாவி உள்ளேயே போகாது.

மாட்டின் பூட்டு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்த விஞ்ஞானிகள், மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுத்தர அளவில் வாய்ப்பு இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னார்கள். நேரில் சோதித்தபோது அந்த அளவுக்குக்கூடப் பிடிக்கவில்லை. பூட்டு பொருந்தினால் மட்டும் போதாது. அந்தப் பூட்டு மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் போதுமான அளவு இருக்கிறதா, உள்ளே போன வைரஸை உடம்பின் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு வேகமாக அடக்குகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இப்படிப் பார்த்தால், தருமபுரியில் ஒரு சாதாரண விவசாய வீட்டு வாசலில் கொரோனா பிடிக்க அதிக வாய்ப்புள்ள பிராணி மாடும் இல்லை, ஆடும் இல்லை. தீவன மூட்டை பக்கத்தில் எலிக்குக் காத்திருக்கும் பூனை. தாய்லாந்தில் 2021-ல் தொற்றுள்ள ஒரு பூனை தும்மியதில் கால்நடை மருத்துவர் ஒருவருக்குத் தொற்று வந்தது பதிவாகியிருக்கிறது. காய்ச்சலில் படுத்திருப்பவர் மடியில் பூனை வந்து சுருண்டு படுப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கவலை எல்லாம் மாட்டின் மேல்தான். காரணம் எளிது: பூனை படுத்தால் வருமானம் படுக்காது.

அப்போ, மாட்டுக்கு வரவே வராதா?

இங்கேதான் ‘வராது’ என்ற ஒற்றைச் சொல் தடுமாறுகிறது.

ஜெர்மனியில் 83 பண்ணைகளிலிருந்து எடுத்த 1,000 மாடுகளின் ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒன்பது பண்ணைகளைச் சேர்ந்த 11 மாடுகளிடம் கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது, எங்கோ ஒருமுறை ஒரு மனிதரிடமிருந்து மாட்டுக்கு ஒட்டியிருக்கிறது. அந்த மாட்டோடு நின்றுவிட்டது. 1,000-ல் 11 என்பது சொற்பம்தான். ஆனால், பூஜ்யம் இல்லை.

நம் நாட்டிலும் ஒரு தகவல் இருக்கிறது. குஜராத்தில் நாய், மாடு, எருமை, ஆடு, குதிரை என நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகளின் மாதிரிகளை எடுத்து ஆர்டி-பிசிஆர் முறையில் சோதித்த ஆய்வு 2022-ல் வெளியானது. நாய்களிலும் மாடு, எருமைகளிலும் வைரஸின் மரபுப்பொருள் தென்பட்டது. இதைக் கேட்டவுடன் பதற வேண்டியதில்லை. ‘பாசிட்டிவ்’ என்பதற்கு ‘நோயாளி’ என்று அர்த்தம் இல்லை. நோயுள்ளவர் முகத்துக்கு அருகிலேயே நிற்கும் மாட்டின் ஈர மூக்கில் வைரஸின் தடயம் ஒட்டியிருக்கலாம். அது உள்ளே போய்ப் பெருகியதா, வெளியே பரவியதா என்பது வேறு கேள்வி. ஆனாலும், தினமும் மாட்டோடு மாடாகப் புழங்கும் நாட்டில் இப்படி ஒரு முடிவு வந்த பிறகு, மாவட்டந்தோறும் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டாமா?

வண்டலூர் சொன்ன பாடம்

மனிதரிடமிருந்து விலங்குக்கு நோய் போகும் என்பதைத் தமிழ்நாடு புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணெதிரே பார்த்தது. 2021 மே கடைசியில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சில சிங்கங்கள் தீனி எடுக்காமல் சோர்ந்து கிடந்தன, அவ்வப்போது இருமின. ஜூன் 3-ம் தேதி ஒன்பது வயது பெண் சிங்கம் நீலா இறந்தது. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு 11 சிங்கங்களின் மாதிரிகள் போயின. ஒன்பதில் தொற்று உறுதியானது. ஜூன் 16-ம் தேதி 12 வயது ஆண் சிங்கம் பத்மநாதனும் இறந்தது. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அது அப்போது ஊரெல்லாம் மனிதர்களைப் படுக்க வைத்துக்கொண்டிருந்த அதே டெல்டா வகை.

பூங்கா அப்போது பார்வையாளர்களுக்கு மூடியிருந்தது. சிங்கங்கள் சந்தைக்குப் போகவில்லை, திருமணத்துக்குப் போகவில்லை. வைரஸ் அவற்றைத் தேடி வந்தது, பெரும்பாலும் ஏதோ ஒரு மனிதர் மூலமாக. அதற்கு முந்தைய மாதம்தான் ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் எட்டு ஆசிய சிங்கங்களுக்குத் தொற்று உறுதியாகியிருந்தது.

நீலாவின் இறப்புக்குப் பிறகு அரசு சுறுசுறுப்பானது. முதுமலை தெப்பக்காடு முகாமில் 28 யானைகளின் மாதிரிகள் எடுத்து உத்தரப் பிரதேசத்தின் இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. எல்லாமே நெகட்டிவ். 2022 ஜூனில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘அனோகோவாக்ஸ்’ என்ற விலங்குகளுக்கான கொரோனா தடுப்பூசியும் அறிமுகமானது. நாய், சிங்கம், சிறுத்தை போன்றவற்றுக்கானது அது.

சிங்கத்துக்கும் யானைக்கும் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், கவனம் எங்கே போனது என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் வைத்து, படம் எடுத்து, செய்தியில் வரக்கூடிய விலங்குகளுக்குப் போனது. பெயரில்லாத ஒரு பாலக்கோட்டு மாட்டுக்கு யாரும் பஞ்சுக் குச்சியை நீட்டவில்லை. அது தேவையில்லை என்று அறிவியல் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டதா? இல்லை. ஜெர்மனியில் 1,000 மாடுகளைச் சோதித்துவிட்டுத்தான் நிம்மதியானார்கள்.

ஒரு பண்ணையில் புகுந்தால் என்ன ஆகும்?

மாடு தப்பித்தது நம் திறமையால் அல்ல, அதிர்ஷ்டத்தால். அதிர்ஷ்டம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க் உதாரணம். அங்கே மிங்க் என்ற சிறு விலங்கை ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்ப்பார்கள். நம்மூர்க் கீரி அளவுதான் இருக்கும். 2020 ஏப்ரலில் நெதர்லாந்து மிங்க் பண்ணைகளில் முதலில் தொற்று தெரிந்தது. பண்ணைத் தொழிலாளியிடமிருந்து மிங்குக்கு, கூண்டிலிருந்து கூண்டுக்கு, பிறகு மிங்கிடமிருந்து மீண்டும் மனிதருக்கு என்று வைரஸ் வட்டமடித்ததை மரபணு ஆய்வு காட்டிக்கொடுத்தது. டென்மார்க்கில் மிங்க் உடம்பில் மாறிய வைரஸ் மனிதரிடம் காணப்பட்டதும், 2020 நவம்பரில் நாட்டின் எல்லா மிங்குகளையும் அழிக்க பிரதமர் உத்தரவிட்டார். சுமார் 1.5 கோடி முதல் 1.7 கோடி விலங்குகள். நோய் இல்லாத பண்ணைகளிலும் அழிக்கச் சொல்ல அரசுக்குச் சட்டப்படி அதிகாரமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வேளாண் அமைச்சர் பதவி விலகினார். அந்தத் தொழிலையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு ஒரே வாரத்தில் கூண்டுகள் காலி.

இன்னொரு உதாரணம் இன்னும் யோசிக்க வைக்கும். அமெரிக்காவில் வெண்வால் மான்களிடம் 2021 தொடக்கத்தில் எடுத்த ரத்த மாதிரிகளில் சுமார் 40 சதவீதத்தில் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. மனிதரிடமிருந்து போனது, பிறகு காட்டுக்குள் மானிலிருந்து மானுக்குப் பரவியது. மானும் மாட்டைப் போல அசைபோடும் இனம்தான். மாட்டிடம் முடங்கிய வைரஸ் மானிடம் ஓடியது. ஆக, ‘ஒரே மாதிரி விலங்குதானே, இதற்கு வராவிட்டால் அதற்கும் வராது’ என்ற கணக்கு செல்லாது.

தருமபுரிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பென்னாகரம் வட்டாரத்தின் ஆலம்பாடி மாடுகள் காட்டை ஒட்டி மேய்ந்து வளர்ந்த இனம். 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கிறது. அதன் ஓரத்தில் மாடும் புள்ளிமானும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கும். மேய்ப்பவரும் அங்கேயே கைகால் கழுவுவார். இங்கே மான்களுக்குக் கொரோனா வந்ததாகத் தகவல் இல்லை. ஆனால், மனிதர், மாடு, காட்டு விலங்கு மூன்றும் தினமும் சந்திக்கும் இடம் எது என்று கேட்டால், வரைபடத்தில் இதைத்தான் காட்ட வேண்டும்.

மாட்டுக்கும் ஒரு கொரோனா உண்டு

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் பெயர். ‘கொரோனா’ என்பது ஒரு வைரஸின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். மாட்டுக்கென்று தனியாக ஒரு கொரோனா வைரஸ் பல காலமாகவே இருக்கிறது. பிறந்து சில நாளேயான கன்றுகளுக்கு வரும் கழிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். கோழிகளுக்கு மூச்சுத் திணறலும் முட்டை இழப்பும் தரும் தொற்றுச் சளி நோய் 1930-களிலிருந்தே அறியப்பட்டது. அதுவும் கொரோனா குடும்பம்தான், அதற்குத் தடுப்பூசியும் உண்டு.

2020-ல் மாட்டுத் தடுப்பூசிப் பெட்டியில் ‘கொரோனா’ என்று அச்சிட்டிருந்ததைப் படம் எடுத்து, "மருந்து முன்னாடியே இருக்கு, மறைக்கிறாங்க" என்று உலகம் முழுக்கப் பரப்பினார்கள். வேறு வைரஸ், வேறு மருந்து. கன்றுக்குக் கழிச்சல் வந்தால் அது கோவிட் அல்ல. உடனே சீம்பால் போதுமான அளவு கிடைத்ததா என்று பார்த்து, கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் வேலை.

இதில் ஒரு சுவாரசியமான தகவலும் உண்டு. இன்று மனிதருக்குச் சாதாரண ஜலதோஷம் தரும் ‘ஓசி-43’ என்ற கொரோனா வைரஸ், 1890-களின் வாக்கில் மாட்டு வைரஸிலிருந்து பிரிந்து மனிதரிடம் வந்திருக்கலாம் என்று மரபணுவை வைத்து ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பாதை எப்போதுமே இருவழிப் பாதைதான்.

வைரஸ் தொடாததை வதந்தி தொட்டது

கோழிக்குக் கொரோனா ஒட்டவே ஒட்டாது. ஆனால், இந்தியாவில் கொரோனாவால் முதலில் அடிவாங்கிய கால்நடைத் தொழில் கோழிதான். 2020 பிப்ரவரியிலேயே, கோழி மூலம் பரவுவதாக வந்த தகவல்களுக்கு ஆதாரம் இல்லை என்று மத்தியக் கால்நடைத் துறை விளக்கம் கொடுத்தது. ஹைதராபாதில் அமைச்சர்கள் மேடையில் நின்று கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். வதந்தி நிற்கவில்லை. 20-வது கால்நடைக் கணக்கெடுப்புப்படி 12 கோடிக்கும் அதிகமான கோழிகளோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. நாமக்கல்லில் முட்டை தேங்கியது, கறிக்கோழி விலை சரிந்தது. ஒரு கோழிக்குக்கூடக் காய்ச்சல் வராமலேயே பண்ணைக்காரர்கள் கடனாளி ஆனார்கள்.

இதிலிருந்து என்ன புரிகிறது? ‘ஒட்டுவாரொட்டி’ நோயில் உண்மையை ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் தடுப்பூசி மாதிரிதான். தாமதமானால் பயன் இல்லை. 2020-ல் கோழிக்கு நடந்தது 2021-ல் பாலுக்கு நடக்காமல் போனது நல்லவேளை. "அந்த வீட்டில் கொரோனா, அவங்க பாலைச் சேர்க்காதீங்க" என்று நாலு ஊர் கிளம்பியிருந்தால், நோயை மறைத்துவிட்டுப் பால் ஊற்றுவதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இருந்திருக்காது.

இரண்டு துறை, நடுவில் ஒரு சுவர்

மாட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு மாடு பாடம் இல்லை. கால்நடை மருத்துவருக்கு மனிதர் நோயாளி இல்லை. ஒருவர் மக்கள் நல்வாழ்வுத் துறை, இன்னொருவர் கால்நடை பராமரிப்புத் துறை. தலைமைச் செயலகத்தில் இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கலாம். பென்னாகரத்து வீட்டில் மனிதருக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்கூட இல்லாத வீடுகள் உண்டு.

இந்தச் சுவரை உடைப்பதற்கு ‘ஒரே சுகாதாரம்’ என்று பெயர் வைத்து உலகம் பேசுகிறது. இந்தியாவிலும் தேசிய அளவில் அதற்கான இயக்கம் தொடங்கியிருக்கிறது. ஆனால், டெல்லியிலும் நாக்பூரிலும் நிறுவனம் கட்டுவது மட்டும் போதாது. இது நடக்க வேண்டிய இடம் கட்டுத்தறி. அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. இரண்டே இரண்டு கேள்விகள் போதும்.

ஒன்று, மனிதருக்குக் காய்ச்சல் என்று போகும்போது சுகாதாரப் பணியாளர் கேட்க வேண்டியது: "வீட்டுல ஆடு மாடு இருக்கா? யார் பால் கறக்கறாங்க? அதுங்க நல்லா இருக்கா?" இன்னொன்று, மாட்டுக்குச் சுகமில்லை என்று போகும்போது கால்நடை மருத்துவர் கேட்க வேண்டியது: "வீட்டுல யாருக்காவது காய்ச்சல், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா?" பதில்களைத் தாலுகா அளவில் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வாசல்வரை வருபவர், கொட்டகைப் பக்கம் ஒரு கேள்வி கேட்பதில் என்ன கஷ்டம்?

‘வேலைப்பளு ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிறது, வராத நோய்க்கு எதற்குக் கணக்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், இந்த இரண்டு கேள்விகள் கொரோனாவுக்கு மட்டுமானவை அல்ல. காசநோயை எடுத்துக்கொள்வோம். உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். மாட்டிலிருந்து காய்ச்சாத பால் வழியாக மனிதருக்குக் காசநோய் வரலாம் என்பது பலருக்குத் தெரியும். மனிதருக்கு வரும் காசநோய்க் கிருமி மாட்டுக்குப் போயிருப்பதும் இந்திய ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மாதக்கணக்கில் இருமிக்கொண்டே பால் கறப்பவர் விஷயத்தில், இரண்டு திசையிலும் கேள்வி கேட்க வேண்டிய நோய் அது.

அடுத்து, ‘வராத நோய்’ என்று எதையும் நிரந்தரமாகச் சொல்ல முடியாது. பறவைக் காய்ச்சல் கறவை மாட்டுக்கு வரும் என்று 2024-க்கு முன் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கேன்சஸ் பண்ணைகளில் உறுதியானது. பிறகு பல மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாட்டுப் பண்ணைகளுக்குப் பரவியது. பண்ணைத் தொழிலாளர்களுக்கும் தொற்றியது. காய்ச்சாத பாலில் அந்த வைரஸ் நிறைய இருந்தது. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டுப் பழக்கம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது அப்போது இன்னொரு முறை புரிந்தது.

இன்னொரு எதிர்ப்பும் வரலாம். ‘கேள்வி கேட்டால் ஜனங்கள் பயந்து மறைப்பார்கள்.’ இதுதான் கடினமான இடம். டென்மார்க் மாதிரி, சொன்னவுடன் விலங்கை அழிப்பார்கள் என்ற பயம் வந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால், கேள்வியோடு ஒரு உறுதிமொழியும் சேர்ந்து போக வேண்டும். உண்மையைச் சொன்னவரின் பால் சொசைட்டியில் மறுக்கப்படாது. அறிவியல் காரணத்தோடு மறுக்க நேர்ந்தால் அந்த நாட்களுக்கான இழப்பை அரசு தரும். பால் பணம் பள்ளிக் கட்டணமாகவும் மளிகைக் கடனாகவும் மாறும் வீட்டில், இந்த உறுதி இல்லாமல் எந்த நோய்க் கண்காணிப்பும் நடக்காது.

காய்ச்சலோடு கொட்டகைக்குப் போகலாமா?

அரசு செய்ய வேண்டியது ஒருபக்கம் இருக்கட்டும். நாளைக் காலையே வீட்டில் செய்யக்கூடியவை சில. பெங்களூரில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், ஊரில் மாடு பார்க்கும் அம்மாவிடம் போனில் சொல்லலாம்.

காய்ச்சல், இருமல் இருப்பவர் முடிந்தவரை கொட்டகைக்குப் போகாமல், வேறொருவர் கறக்கட்டும். ஆள் இல்லை, போயே ஆக வேண்டும் என்றால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கைகழுவிக் கறக்கலாம். மாட்டின் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதை நாலு நாள் தள்ளிவைக்கலாம். பூனை, நாயைப் படுக்கையில் சேர்க்க வேண்டாம். பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும், கறந்த சூட்டோடு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. சானிடைசரையோ கிருமிநாசினியையோ மாட்டின் உடம்பிலும் மூக்கிலும் தெளிக்கக் கூடாது. அது வைரஸைவிடக் கெடுதல்.

மாடு தீனி எடுக்கவில்லை, இருமுகிறது, திடீரென்று பால் குறைந்துவிட்டது என்றால் ‘கொரோனாவா?’ என்று வாட்ஸ்அப்பில் தேட வேண்டாம். கோமாரி, தோல் கழலை நோய், மடிநோய் என்று அதற்கு நூறு காரணம் இருக்கலாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லலாம், அல்லது 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அப்போது, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அதையும் கேட்காமலேயே சொல்லிவிடுவது நல்லது.

காரிமங்கலம் வாரச்சந்தையில் மாடு வாங்குபவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். மாட்டின் மேல் அத்தனை சந்தேகம். விற்றவருக்கு இருமல் இருக்கிறதா என்று மாடு திரும்பிப் பார்த்துக் கேட்க முடியாது. அதற்காக அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். 2021-ல் ‘என்னால என் மாட்டுக்கு ஏதாவது ஆயிடுமா?’ என்று கவலைப்பட்டவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் இப்போது அரசு திருப்பிக் கேட்க வேண்டிய முறை.